பிரிண்டரில் தாள் இருந்தது: தேவையில்லாத ஒரு மறுபில்டின் நிகழ்வு ஆய்வு

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பது வட சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஆனால் அந்த ஓர் இரவின் வரிசையில் கொஞ்சம் எங்கள் கைங்கரியம்.

நாங்கள் தண்டையார்பேட்டையில், ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஏழு பேர். எடை மேடைகளுக்கான டெர்மினல் மென்பொருள் எழுதுகிறோம். லாரி மேடையில் ஏறியதும் லோடு செல்கள் என்னும் எடை உணரிகளின் அளவைப் படித்து, எடை ஆடாமல் நின்றதும் பதிவு செய்து, சீட்டு அச்சடித்துத் தரும் பெட்டி அது. திருவொற்றியூர் பக்கம் ஒரு யார்டில் அப்படி இரண்டு பெட்டிகள் ஓடுகின்றன. 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத ஏற்றுமதி கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச விதி. அதனால் சீட்டு வராவிட்டால் வண்டி நகராது.

இரவு பத்தரை மணிக்கு யார்டின் கேட் கிளார்க் போன் செய்தார்.

“இன்னா சார், மெஷினு பிரிண்டர்ல தாள் இல்லன்னுது. ரோலை ரெண்டு தபா மாத்திப் போட்டாச்சு. அப்பவும் அதேதான் சொல்லுது. பின்னால பதினைஞ்சு வண்டி நிக்குது.”

அன்று மதியம்தான் அந்தப் பெட்டிக்குப் புது வெர்ஷன் ஏற்றியிருந்தோம். வீட்டிலிருந்தே பெட்டியின் லாக்கைத் திறந்து பார்த்தேன். லாக்கில் செய்தி இருக்காது, எண் மட்டும்தான் இருக்கும். கடைசி ஆறு வரிகளிலும் 23, 23, 23. தாள் இல்லை என்பதற்கு எங்கள் எண் 22. 23 என்றால் வண்டி மேடையில் முழுதாக ஏறவில்லை.

“அண்ணே, டிரெய்லரோட பின் சக்கரம் மேடைமேல இருக்கான்னு பாருங்க.”

இல்லை. நாற்பதடி டிரெய்லர், பின் சக்கரம் விளிம்பில் நின்றிருக்கிறது. டிரைவர் இரண்டு அடி முன்னே எடுத்தார், சீட்டு வந்தது. பெட்டி கண்டுபிடித்தது சரி, சொன்னதுதான் தப்பு. கிளார்க் அண்ணன் பழகிய கை. இனி அது தாள் இல்லை என்றால் சக்கரத்தைப் பார்ப்பதாகச் சொல்லி இரவை ஓட்டிவிட்டார். அவர் புரிந்துகொண்ட வேகத்தில் எங்களில் சிலர் மறுநாள் காலை புரிந்துகொள்ளவில்லை.

சரி, 23 எப்படி 22-இன் வாய் வழியே பேசியது?

எங்களிடம் செய்திகளுக்கு ஒரு சிஎஸ்வி ஃபைல், அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த பட்டியல், இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு செய்தி: உள்பெயர், தமிழ் வாசகம், ஆங்கில வாசகம். ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அதைப் படித்து இரண்டு ஃபைல்களை உருவாக்கும். ஒன்று ஹெடர், மற்ற ஃபைல்கள் தங்களுக்குள் இழுத்துக்கொள்ளும் பட்டியல். அதில் உள்பெயர்களும் அவற்றுக்கான எண்களும் இருக்கும். மற்றது சி மொழியில் ஒரு புரோகிராம் ஃபைல், சுருக்கமாக சி ஃபைல். அதில் ஒவ்வொரு செய்தியும் படமாக இருக்கும். ஏன் படம் என்றால், அந்தச் சின்னத் திரைக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘கொ’ என்றால் க-வுக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால் போட வேண்டும். அதைப் பெட்டிக்குள் செய்வதற்குப் பதில், ஸ்கிரிப்டே எழுத்துகளைக் கோத்துப் புள்ளிப் படமாக்கி எழுதிவிடும். இதற்கு எங்கள் கம்ப்யூட்டர்களில் நாற்பது விநாடி ஆகும். இந்த நாற்பது விநாடியை நினைவில் வையுங்கள், பிறகு வேலைக்கு வரும்.

எண்கள் சிஎஸ்வியின் வரி வரிசைப்படி வந்தன. சம்பவத்துக்கு முந்தைய நாள் எங்கள் அக்கா, அதாவது குழுவில் சீனியர், ‘லோடு செல் இணைப்பு இல்லை’ என்று ஒரு புதுச் செய்தியைப் பதினைந்தாவது வரியில் செருகியிருந்தார். அதற்குக் கீழே இருந்த எல்லாவற்றின் எண்ணும் ஒன்று கூடியது. பழைய 22 இப்போது 23. எல்லா சி ஃபைல்களும் புது ஹெடரோடு மறுபடி கம்பைல் ஆகியிருந்தால், அதாவது இயந்திர மொழிக்கு மாறியிருந்தால், இதில் ஒரு தப்பும் இல்லை.

ஆகவில்லை. படங்கள் இருந்த ஃபைல் மட்டும் புதிது, மீதி 430 ஆப்ஜெக்ட் ஃபைல்களும் (கம்பைல் செய்தால் கிடைப்பவை) பழசு. பழைய புரோகிராம் 23 என்று கூப்பிட்டது, புதுப் பட்டியல் தன் 23-ஐக் காட்டியது. பழைய 15, ‘வண்டி எண் பதிவாகவில்லை’, அன்றிரவு யாருக்கும் வராதது எங்கள் அதிர்ஷ்டம். வந்திருந்தால் பெட்டி லோடு செல் அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கும். மேடையையே மூடியிருப்பார்கள்.

அந்த வெர்ஷனைக் கட்டியது எங்கள் குழுவின் கடைக்குட்டி. அவனுக்கு வந்த வேலை மிகச் சின்னது, ஒரு தமிழ் வாசகத்தில் ஒற்றுப்பிழை திருத்துவது. ஓர் எழுத்து. ஆனால் சிஎஸ்வியைத் தொட்டால் பெட்டியின் இரண்டு மாடல்களுக்கும் சேர்த்து முழு பில்ட் பதினான்கு நிமிடம் ஓடும். அதுவும் இணையாக ஓட்டி. அவன் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தான். ஸ்கிரிப்டைக் கையால் ஓட்டுவான். பிறகு மேக்கின் ‘டச்’ ஆப்ஷனைக் கொடுப்பான். மேக் என்பது, மேக்ஃபைல் என்ற விதிப் பட்டியலைப் படித்து, பழசாகிப்போன ஃபைல்களை மட்டும் மறுபடி கட்டும் கருவி. ‘டச்’ எதையும் கம்பைல் செய்யாது, எல்லா ஆப்ஜெக்ட் ஃபைல்களின் நேரத்தையும் இப்போதைய நேரமாக மாற்றி ‘எல்லாம் புதுசுதான்’ என்று மேக்கை நம்ப வைக்கும். அப்புறம் படங்களுக்கான ஆப்ஜெக்ட் ஃபைலை மட்டும் அழித்துவிட்டு மேக்கை ஓட்டினால், அது ஒன்று மட்டும் கம்பைல் ஆகி மற்றவற்றோடு லிங்க் ஆகிவிடும். ஒரு நிமிடக் காரியம்.

அவனைத் திட்ட எல்லோருக்கும் வாய் வந்தது. ஆனால் இந்த வழி, நாங்கள் பயன்படுத்தும் குனு மேக்கின் கையேட்டிலேயே இருக்கிறது. ஹெடரில் செய்த மாற்றம் மற்றவர்களைப் பாதிக்காது என்று உனக்கே நிச்சயமாகத் தெரிந்தால் இப்படிச் செய்துகொள் என்று அதில் சொல்லியிருக்கிறது. ஆறு மாதமாக அவன் அப்படித்தான் செய்தான், ஆறு மாதமும் அது சரியாகத்தான் இருந்தது. அன்று காலை அக்காவின் கமிட்டை, அதாவது அவர் பதிந்துவைத்த மாற்றத்தை, இழுத்துக்கொண்டபோது அந்தப் பதினைந்தாவது வரியும் கூடவே வந்ததை அவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். “நான் ஒரு எழுத்துதான் மாத்துனேன் அண்ணே” என்றான். உண்மை.

மேக் பிறந்த கதையும் இதுதான் என்பது வேடிக்கை. 1976-இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் அதை எழுதத் தூண்டியது, ‘யாக்’ என்ற, இலக்கண விதிகளிலிருந்து சி ஃபைல் உருவாக்கும் கருவியை எழுதிய ஸ்டீவ் ஜான்சன் ஒருநாள் அவர் அறைக்குள் கொதித்துக்கொண்டு வந்தது. பிழையை ஏற்கெனவே திருத்திவிட்டார், ஆனால் அந்த ஃபைல் மறுபடி கம்பைல் ஆகவில்லை, சரியான புரோகிராமில் காலை முழுக்கப் பிழை தேடியிருக்கிறார். பழைய ஆப்ஜெக்ட் ஃபைலைப் பிடிக்கத்தான் மேக். அந்த மேக்கைப் பதினான்கு நிமிடத்துக்காக ஏமாற்றி, அதே பழைய ஆப்ஜெக்டை யார்டு வரை அனுப்பியிருந்தோம்.

உடனடி மருந்து எல்லோரும் சொல்வதுதான். வெளியே போகும் வெர்ஷன் எதுவானாலும் காலி டைரக்டரியிலிருந்து முழுதாகக் கட்ட வேண்டும், அதையும் யாருடைய மேசையிலும் கட்டக் கூடாது, ஓரத்தில் இருக்கும் தனி கம்ப்யூட்டரில்தான் கட்ட வேண்டும். அன்றே செய்தோம். முன்பே செய்யாதது வெட்கக்கேடு. ஆனால் இதோடு விட்டிருந்தால் பையன் தன் மேசையில் பழைய ஆப்ஜெக்டுகளோடு சோதித்து, ‘என்கிட்ட நல்லாத்தானே ஓடுது’ என்று சொல்லிக்கொண்டே இருப்பான். குறுக்கு வழி தேவைப்படாதபடி செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி, ஒற்றுப்பிழைக்கு ஏன் 430 ஃபைல்கள் என்பது. மேக்கை டிரேஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் எந்த ஃபைலை எதனால் மறுபடி கட்டுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். 4.0 வெர்ஷனிலிருந்து இருக்கிறது. ஓட்டினோம். திரை முழுக்க ஒரே காரணம்: செய்தி ஹெடர் புதிதாக இருக்கிறது. அந்த ஹெடரை எங்கள் பொது ஹெடர் இழுக்கிறது, பொது ஹெடரை எல்லோரும் இழுக்கிறார்கள். ஒற்றுப்பிழை திருத்தினால் உள்பெயர் மாறாது, எண் மாறாது, ஆகவே ஹெடரில் ஓர் எழுத்துகூட மாறாது. ஆனாலும் ஸ்கிரிப்ட் இரண்டு ஃபைல்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறது. உள்ளடக்கம் அதேதான், நேரம் மட்டும் புதிது. மேக் ஃபைலைத் திறந்து படிப்பதில்லை, நேரத்தை மட்டுமே பார்க்கும்.

வழி பழையது. 1980களின் யாக் மேக்ஃபைல்களிலேயே இருக்கிறது. யாக் கக்கிய ஹெடரை நேராகப் பயன்படுத்தாமல், முந்தைய பிரதியோடு ஒப்பிட்டு, வேறுபட்டால் மட்டும் மேலே நகலெடுப்பார்கள். ஜிசிசி என்ற கம்பைலரில் இதற்கென்றே ‘மூவ் இஃப் சேஞ்ச்’ என்று ஒரு குட்டி ஸ்கிரிப்ட் உண்டு. லினக்ஸ் கெர்னலில் வெர்ஷன் ஹெடரை எழுதும் ‘ஃபைல்செக்’ செய்வதும் அதுதான். தற்காலிக ஃபைலில் எழுது, பழசோடு ஒப்பிடு, ஒன்றாக இருந்தால் தற்காலிகத்தைத் தூக்கிப் போடு, வேறாக இருந்தால் பெயர் மாற்றி அதன் இடத்தில் வை. இப்படிச் செய்தால் ஹெடரின் நேரம் அசையாது. கட்டளை ஓடி முடிந்ததும் குனு மேக் ஹெடரின் நேரத்தை மறுபடி பார்க்கும், அசையவில்லை என்றால் அந்தச் சங்கிலியை அங்கேயே அறுத்துவிடும்.

பைத்தானில் பத்து வரி. போட்டோம். ஒற்றுப்பிழையைத் திருத்தி மேக் ஓட்டினோம். 430 ஃபைல்களும் ஓடின.

ஹெடரின் முதல் வரியைப் பார்த்ததும் அக்கா சிரித்துவிட்டார். ‘இந்த ஃபைல் தானாக உருவானது, கையால் மாற்றாதே’ என்று ஒரு கமென்ட், அதன் பக்கத்தில் உருவான தேதி, மணி, நிமிடம், விநாடி. யார் போட்டது என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியில் தேடினால் நான்தான். அந்த நேரத்தை யாரும் ஒருநாளும் படித்ததில்லை. எடுத்தோம். அதே கமென்டில் சிஎஸ்வியின் முழுப் பாதையும் இருந்தது. ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் அது வேறு, அதையும் எடுத்தோம்.

மறுபடி ஓட்டினோம். சில முறை சங்கிலி அறுந்தது, சில முறை அறவில்லை. இதுதான் எங்களை ஒரு நாள் முழுக்கக் கட்டிப்போட்டது. எப்போதும் உடைவதைப் பிடித்துவிடலாம், எப்போதாவது உடைவது பேய் மாதிரி. கடைசியில் தொடர்ந்து இரண்டு முறை உருவாக்கி, இரண்டு ஹெடர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். கடைசியில் இருந்த நான்கு வரிகள் இடம் மாறியிருந்தன. ஒவ்வொரு செய்தி வகைக்கும் ஒரு மேக்ரோ அங்கே வரும். வகைகளை ஸ்கிரிப்ட் ஒரு செட்டில், அதாவது வரிசை இல்லாத தொகுப்பில், சேர்த்துவைத்து, அப்படியே எழுதியிருக்கிறது. பைத்தான் 3.3-இலிருந்து சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹாஷ், அதாவது அவற்றிலிருந்து கணக்கிடும் அடையாள எண், ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு. வேண்டுமென்றே மோதும் சாவிகளை அனுப்பிச் சர்வரைத் திணறடிப்பதைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. அதனால் சரங்கள் இருக்கும் செட்டைச் சுற்றிவந்தால் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். நான்கே வகைகள் என்பதால் சில சமயம் தற்செயலாக அதே வரிசை வந்துவிடும். அதுதான் பேய். வரிசைப்படுத்தும் ‘சார்ட்டட்’ என்று ஒரு சொல் சேர்த்தோம், பேய் போயிற்று.

இதிலிருந்து ஒரு சோதனையை நிரந்தரமாக வைத்துக்கொண்டோம். எந்த ஜெனரேட்டர், அதாவது ஃபைல் உருவாக்கும் ஸ்கிரிப்ட், எழுதினாலும், அதை வேறு வேறு டைரக்டரியில் பத்து முறை ஓட்டிப் பத்தும் பைட்டுக்கு பைட் ஒன்றா என்று பார்ப்பது. ஒப்பிட்டு எழுதும் உத்தி எல்லாமே, ஒரே உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு என்ற தரையில்தான் நிற்கிறது. தரையே ஆடினால் மேலே என்ன கட்டியும் பயனில்லை.

சின்ன விஷயம் ஒன்று. தற்காலிக ஃபைலை முதலில் டெம்ப் டைரக்டரியில் எழுதினோம். அது வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால், பெயர் மாற்றம் என்று நாம் நினைப்பது உண்மையில் நகலெடுப்பு. நடுவில் கரன்ட் போனால் பாதி ஹெடர் நிற்கும். எங்கள் மாடியில் கரன்ட் போவது பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இப்போது ஹெடர் இருக்கும் இடத்திலேயே, வேறு பெயரில் எழுதுகிறோம்.

இத்தனைக்கும் பிறகு ஒற்றுப்பிழைக்கு ஒரு ஃபைல்தான் கம்பைல் ஆனது. கைதட்டிக்கொண்டோம். அடுத்த நாள் வேறு முனகல் கிளம்பியது. எதுவும் மாற்றாமல் மேக் ஓட்டினாலும் நாற்பது விநாடி.

யோசித்தால் நியாயம்தான். ஹெடரின் நேரத்தை அசைக்கக் கூடாது என்று நாமே சொன்னோம். அப்படியானால் சிஎஸ்வி என்றென்றும் ஹெடரைவிடப் புதிதாகவே இருக்கும். மேக் ஒவ்வொரு முறையும் பார்க்கும், ஹெடர் பழசு என்று முடிவு செய்யும், ஸ்கிரிப்டை ஓட்டும், ஸ்கிரிப்ட் நாற்பது விநாடி படம் வரைந்துவிட்டு ‘ஒன்றும் மாறவில்லை’ என்று சொல்லும். அடுத்த முறையும் அதே கூத்து. ஜெனரேட்டர் கண் சிமிட்டும் நேரத்தில் முடிவதாக இருந்தால் இதைப் பொறுத்துப் போகலாம். பலர் அப்படித்தான் விட்டுவிடுகிறார்கள். தமிழ் வரையும் ஜெனரேட்டருக்கு அது கட்டாது.

இன்னொரு தொல்லையும் மேக்ஃபைலின் அதே விதியில் ஒளிந்திருந்தது. ஹெடரையும் சி ஃபைலையும் கோலனுக்கு இடப்பக்கம், அதாவது கட்ட வேண்டிய இலக்குகள் வரும் இடத்தில், சேர்த்து எழுதியிருந்தோம். இரண்டும் ஒரே ஓட்டத்தில் பிறக்கின்றன என்று மேக் அதைப் படிக்காது, தனித்தனி இரண்டு விதிகள் என்றுதான் படிக்கும். இணையாக ஓட்டும்போது ஸ்கிரிப்ட் ஒரே நேரத்தில் இரண்டு முறை ஓடி ஒன்றின் தற்காலிக ஃபைலில் மற்றது எழுதும். 2020-இல் வந்த மேக் 4.3-இல் இதற்குக் கூட்டு இலக்கு என்று ஒரு வசதி சேர்த்தார்கள். எங்களிடம் இருப்பது உபுண்டு 20.04, அதோடு வருவது 4.2.1.

இரண்டுக்கும் ஒரே மருந்து முத்திரை ஃபைல். காலியான ஒரு ஃபைல், அதன் வேலை ஒரு நேரத்தைச் சுமப்பது மட்டுமே. சிஎஸ்வியையும் ஸ்கிரிப்டையும் சார்ந்திருப்பது முத்திரை. அதன் கட்டளை ஸ்கிரிப்டை ஓட்டி, முடிவில் முத்திரையைத் தொட்டுப் புதுநேரம் கொடுக்கும். ஹெடரும் சி ஃபைலும் முத்திரையைச் சார்ந்திருக்கும், ஆனால் அவற்றுக்குச் சொந்தக் கட்டளை கிடையாது, வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி மட்டும். அந்த அரைப்புள்ளி அலங்காரம் அல்ல. இந்த இலக்குக்குக் கட்டளை உண்டு, அது வெற்று என்று சொல்வது அதுதான். ஆட்டோகான்ஃப் என்ற பில்ட் கருவியின் கையேட்டில் கான்ஃபிக் ஹெடருக்குக் கொடுத்திருக்கும் விதியிலும் இதே முத்திரை, இதே அரைப்புள்ளி. இப்போது ‘ஸ்கிரிப்ட் எப்போது ஓடியது’ என்பது முத்திரையின் நேரம், ‘ஹெடர் எப்போது உண்மையில் மாறியது’ என்பது ஹெடரின் நேரம். இதுவரை ஒரே நேரத்தின் தலையில் இரண்டு கேள்விகளையும் கட்டியிருந்தோம்.

முத்திரைக்கு ஒரு குணக்கேடு உண்டு. ஹெடரை யாராவது கையால் அழித்துவிட்டு முத்திரையை விட்டுவைத்தால், ‘நான் புதுசாகத்தான் இருக்கிறேன்’ என்று முத்திரை சொல்லும், ஹெடர் வரவே வராது. முதல் வாரத்திலேயே நடந்தது. அழித்தவன் நான். மேக்ஃபைல்களை எழுதித் தரும் ஆட்டோமேக் இதற்கும் வழி வைத்திருக்கிறது. வெற்றுக் கட்டளைக்குப் பதில், ஹெடர் இல்லையென்றால் முத்திரையை அழித்து மறுபடி மேக்கைக் கூப்பிடும் இரண்டு வரிகள். அதை எடுத்துக்கொண்டோம்.

நின்ஜா என்ற வேறு பில்ட் கருவிக்கு மாறினால் இதெல்லாம் வேண்டாமே என்று அக்கா கேட்டார். சரியான கேள்வி. நின்ஜாவில் ஒரு விதிக்கு ‘ரீஸ்டாட்’ என்று போட்டால், கட்டளை முடிந்ததும் வெளியீட்டின் நேரத்தைப் பார்த்து, அசையவில்லை என்றால் மேற்கொண்டு இருக்கும் வேலைகளைக் கழித்துவிடும். ஓடியதைத் தன் லாக்கிலும் குறித்துக்கொள்வதால் அடுத்த முறை வீணாக ஓட்டாது. முத்திரையின் வேலையை அந்த லாக்கே செய்கிறது. ஸ்கான்ஸ், பேசல் போன்ற பில்ட் கருவிகள் நேரத்தை நம்பாமல் உள்ளடக்கத்தின் ஹாஷைப் பார்க்கின்றன. மாறலாம்தான். ஆனால் ஏழு பேர் கடைக்கு, ஓடிக்கொண்டிருக்கும் மேக்ஃபைலில் ஆறு வரி சேர்ப்பது ஒரு மாலை வேலை, பில்ட் சிஸ்டத்தை மாற்றுவது ஒரு மாத வேலை. எதற்கு மாறினாலும் தேதி போட்ட கமென்டும் செட்டும் கூடவே வந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

இப்போதைய கணக்கு இது. ஒற்றுப்பிழைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அதில் நாற்பது விநாடி படம் வரைவது. ஒன்றும் மாற்றாவிட்டால் மேக் உடனே திரும்புகிறது. புதுச் செய்தி சேர்த்தால் ஹெடர் உண்மையாகவே மாறுகிறது, பதினான்கு நிமிடம் உண்மையாகவே ஓடுகிறது. அதைக் குறைக்கப் பொது ஹெடரைப் பிரிக்க வேண்டும். அது அடுத்த சண்டை.

இன்னொரு திருத்தம் பில்ட் சம்பந்தப்பட்டதே அல்ல. என் கணிப்பில் அன்றிரவின் வரிசைக்கு இதுதான் பெரிய காரணம். எண்ணை வரியின் இடத்திலிருந்து எடுத்தது எங்கள் ஆரம்ப நாள் சோம்பேறித்தனம். இப்போது சிஎஸ்வியில் எண்ணுக்கு ஒரு தனிப் பத்தி இருக்கிறது. ஒருமுறை கொடுத்த எண் மாறாது, செய்தியை நீக்கினாலும் அந்த எண் வேறு செய்திக்குப் போகாது, இரண்டு வரிகளில் ஒரே எண் இருந்தால் ஸ்கிரிப்ட் பில்டை நிறுத்திவிடும். லோடு செல் செய்தி இப்போது 61. கிளார்க் அண்ணனின் மேடையில் 23 மறுபடி 23 ஆகிவிட்டது. அவர்தான் கொஞ்ச நாள், தாள் இல்லை என்று பெட்டி சொன்னபோதெல்லாம் முதலில் வெளியே போய்ச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

கடைக்குட்டி தன் ‘டச்’ குறுக்கு வழியை ஷெல் ஃபைலிலிருந்து அழித்துவிட்டதாகச் சொன்னான். நான் போய்ப் பார்க்கவில்லை.